வீட்டிலேயே நிலைமின்னியல்: மின்னூட்டத்தைக் கையால் சோதித்து அறியும் வழிமுறை

உலர்ந்த தலைமுடியில் சீப்பை நாலைந்து முறை இழுத்துவிட்டுக் காகிதத் துணுக்குகளுக்கு மேலே பிடித்தால் அவை துள்ளி வந்து ஒட்டிக்கொள்ளும் என்பது பள்ளிக்கூடம் போன எவருக்கும் தெரியும். பெரும்பாலான செய்முறைக் குறிப்புகள் அந்த வியப்போடு நின்றுவிடுகின்றன. மின்னூட்டத்தில் எத்தனை வகை உண்டு, தேய்க்கும்போது அது புதிதாகப் பிறக்கிறதா அல்லது ஏற்கெனவே இருந்தது இடம் மாறுகிறதா, தொடாமலேயே அது எப்படி வேலை செய்கிறது ஆகிய மூன்று கேள்விகளில் ஒன்றுக்குக்கூடச் சீப்பும் காகிதமும் விடை சொல்லா. அந்த விடைகளைத் தாமே கண்டறியும்படி கீழே உள்ள சோதனைகள் வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. ஒன்றில் செய்த கருவி அடுத்ததில் தேவைப்படும் என்பதால் இடையில் தாவாமல் செய்வது நல்லது.

ஈரமும் பொருட்களும்

இச்சோதனைகள் தோற்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது ஈரத்தை. ஈரக்காற்று மின்னூட்டத்தைக் கடத்திச் சென்றுவிடுகிறது என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். அது சரியான விளக்கம் அன்று. நீராவி கலந்த காற்றும் நல்ல காப்பான்தான், அதாவது மின்னூட்டத்தைப் பாயவிடாத பொருள்தான். கண்ணாடி, பருத்தி, காகிதம் போன்றவற்றின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாமல் படியும் நீர்ப்படலம், அங்குள்ள உப்பையும் அழுக்கையும் கரைத்துக்கொண்டு, மின்னூட்டம் வழிந்தோடப் பாதை அமைத்துக் கொடுக்கிறது. ஆகவே அறையை உலர்த்துவதைவிடப் பொருள்களின் மேற்பரப்பை உலர்த்துவதே முக்கியம். ஹேர் டிரையரைக் கடும் சூட்டில் அன்றி, மிதமான சூட்டில் ஒரு நிமிடம் காட்டினாலே பெரும் வேறுபாடு தெரியும். ஒப்பு ஈரப்பதம் 40 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் எல்லாமே எளிதாக நடக்கும். 60ஐத் தாண்டினால் பொறுமை வேண்டும். கோயம்புத்தூர், தருமபுரி போன்ற உள்மாவட்டங்களில் மாசி, பங்குனி மாத நண்பகல் மிகவும் ஏற்றது. சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ இருப்பவர்கள் கடற்காற்று நுழைவதற்கு முன்பே முடித்துக்கொள்ளலாம், அல்லது ஏசி அறையில் சற்று நேரம் பொருள்களை வைத்திருந்து அங்கேயே செய்யலாம்.

தேய்ப்பதற்கு மின்வயரிங் வேலைக்குப் பயன்படும் முக்கால் அங்குல பிவிசி பைப்பில் அரை மீட்டர் துண்டு வாங்கிக்கொள்ளுங்கள். மின்பொருள் கடைகளில் கிடைக்கும். பல குறிப்புகள் பிளாஸ்டிக் உறிஞ்சுகுழலைக் கேட்கும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதலும் நாடு முழுவதும் 2022 ஜூலை முதலும் அவை தடை செய்யப்பட்டுள்ளதால் அதைத் தேடி அலைய வேண்டாம். பிவிசி அதைவிட நன்றாகவே மின்னூட்டம் பெறும். தேய்க்கும் துணிக்குப் பழைய கம்பளி மப்ளரோ மங்கி கேப்போ போதும். இவற்றோடு செல்லோ டேப், சமையலறை அலுமினியத் தாள், தெர்மாகோல் பலகை, பிளாஸ்டிக் மூடி போட்ட கண்ணாடிப் பாட்டில், உறை நீக்கிய தடித்த செப்புக் கம்பி, மெழுகுவத்தி, நைலான் தூண்டில் நரம்பு ஆகியவை வேண்டும். தலைமுடியில் சீப்பைத் தேய்த்துத்தான் பார்ப்பேன் என்பவர்கள் எண்ணெய் வைக்காத நாளில் முயல வேண்டும்.

வீட்டு மின்சாரத்தை இச்சோதனைகள் எதிலும் பயன்படுத்தக் கூடாது. பொறி எழும் சோதனைகளைச் சமையல் எரிவாயு, பெட்ரோல், சானிட்டைசர் ஆகியவற்றின் அருகில் செய்யாதீர்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் விலகி இருக்கட்டும். கைப்பேசி, பென் டிரைவ் போன்றவற்றையும் அடுத்த அறையில் வைத்துவிடுங்கள்.

இரண்டு வகை உண்டு என்பதற்கு செல்லோ டேப் சாட்சி

மேசையின் வழவழப்பான பரப்பில் ஒரு செல்லோ டேப் பட்டையை ஒட்டி, அதை அப்படியே விட்டுவிடுங்கள், இது அடித்தளம். அதன் மேல் 12 செ.மீ. நீளமுள்ள இன்னொரு பட்டையை ஒட்டி, பிடித்து இழுக்க ஏதுவாக ஒரு முனையை மடித்து, அந்த மடிப்பில் ‘கீ’ என்று எழுதுங்கள். அதற்கும் மேலே அதே நீளத்தில் மூன்றாவது பட்டையை ஒட்டி ‘மே’ என்று எழுதுங்கள். நகத்தால் நன்றாக அழுத்தித் தேய்த்துவிடுங்கள். இதே போல இன்னொரு இணையையும் பக்கத்தில் செய்துகொள்ளுங்கள்.

இப்போது ஓர் இணையை, ‘கீ’யும் ‘மே’யும் பிரியாதபடி, அடித்தளத்திலிருந்து மெதுவாக உரித்தெடுங்கள். உரிக்கும்போதே அது கையை நோக்கி வளையும். அடித்தளத்திலிருந்து பிரிந்தபோதே மின்னூட்டம் பெற்றுவிட்டது என்பது அதன் பொருள். பசை இல்லாத பக்கத்தில் விரலை மேலிருந்து கீழாக மெல்ல ஓட்டுங்கள். நாலைந்து முறை ஓட்டியதும் பட்டை கையைச் சட்டை செய்யாமல் நேராகத் தொங்கும். இந்த நிலை வராமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது, ஏனெனில் இரண்டு பட்டைகளும் சேர்ந்து நடுநிலையில் இருந்தன என்பதற்கு இதுவே உறுதி. பிறகு இரண்டு மடிப்புகளையும் பிடித்துச் சட்டென்று பிரியுங்கள்.

பிரிந்த ‘கீ’யும் ‘மே’யும் ஒன்றையொன்று வேகமாக இழுத்து ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். இரண்டாவது இணையையும் இதே முறையில் பிரித்து, ‘மே’வுக்கு அருகில் இன்னொரு ‘மே’யைக் கொண்டுவந்தால் இரண்டும் விலகி ஓடும், ‘கீ’க்கும் ‘கீ’க்கும் அதே கதைதான். ஒரே மாதிரி நடத்தப்பட்டவை விலக்குகின்றன, வேறு மாதிரி நடத்தப்பட்டவை ஈர்க்கின்றன. மூன்றாவது வகை ஒன்று இருக்குமானால் அது ‘கீ’யையும் ‘மே’யையும் ஒருசேர விலக்க வேண்டும். அப்படி ஒரு பொருளை வீடெல்லாம் தேடிப் பாருங்கள், கிடைக்காது. பிரெஞ்சு அறிவியலர் து ஃபே 1733இல் இந்த முடிவுக்கு வந்தார். தேய்த்த கண்ணாடியால் மின்னூட்டம் பெற்ற தங்கத் தகடு கண்ணாடியை விட்டு விலகியும் தேய்த்த பிசினை நாடியும் போனதைக் கண்டு, மின்னூட்டம் இரு வகை என்றார். அவற்றுக்கு நேர், எதிர் என்று பெயர் அமைந்தது பெஞ்சமின் பிராங்ளினிடமிருந்து.

இங்கே ஏமாந்துபோகக்கூடிய ஓர் இடம் இருக்கிறது. பட்டைகளில் எதன் அருகே வெறும் விரலைக் கொண்டுபோனாலும் அது விரலை நோக்கி வரும். விரலில் மின்னூட்டம் ஏதும் இல்லை. ஆகவே ‘ஈர்க்கிறது, எனவே இதில் மாற்றுவகை மின்னூட்டம் உள்ளது’ என்று முடிவு கட்டுவது தவறாகிவிடும். நடுநிலைப் பொருளும் ஈர்க்கப்படும். விலக்கல் ஒன்றே நம்பத்தக்க சோதனை. சீப்பும் காகிதமும் வைத்து இரு வகைகளைக் கண்டறிய முடியாமல் போவது இதனால்தான்.

கம்பளியில் தேய்த்த பிவிசி எதிர் மின்னூட்டம் பெறும் என்பது நன்கு அறியப்பட்டது. அந்தப் பைப்பைக் கண்டு விலகும் பட்டை எதிர் மின்னூட்டம் உடையது, மற்றது நேர். ‘மே’யில் எந்த வகை இருக்கும் என்று இங்கே எழுதாமல் விட்டிருப்பதற்குக் காரணம் உண்டு: டேப்பின் பிளாஸ்டிக்கையும் பசையையும் பொறுத்து அது மாறக்கூடும். எதை எதனோடு தேய்த்தால் எது நேர் மின்னூட்டம் பெறும் என்று வரிசைப்படுத்திய பட்டியல்கள் பல அச்சில் உள்ளன. பரப்பில் உள்ள அழுக்கும் ஈரமும்கூட அந்த வரிசையைக் கலைத்துவிடும் என்பதால், பட்டியலை ஒரு தொடக்கக் குறிப்பாக மட்டும் வைத்துக்கொண்டு, தம் கையில் உள்ள பொருளைத் தாமே சோதித்துக்கொள்வதே நல்லது. இரு பரப்புகள் தொட்டுப் பிரியும்போது மின்னூட்டம் எப்படி இடம் மாறுகிறது என்பது இன்றும் ஆய்வாளர்களிடையே முழுமையாகத் தீராத கேள்வி.

சுழலும் ஊசி

அலுமினியத் தாளில் 8 செ.மீ. நீளத்தில் ஒரு மெல்லிய பட்டை வெட்டி, நீளவாக்கில் இரண்டாக மடித்துக் கூரை போல விரித்து, நடுவில் சிறு குழி அமைத்துக் குண்டூசி முனையில் நிறுத்துங்கள். குண்டூசியை ரப்பரில் குத்தி நிறுத்தினால் போதும். தேய்த்த பைப்பை அருகே கொண்டுவந்தால் பட்டை திரும்பி அதைப் பார்க்கும். இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத் அரசிக்கு மருத்துவராக இருந்த வில்லியம் கில்பர்ட், 1600இல் வெளியிட்ட நூலில் இத்தகைய ஊசியைக் கொண்டு அம்பர் மட்டுமல்லாமல் கண்ணாடி, கந்தகம், மணிக்கற்கள் பலவும் தேய்த்தால் ஈர்க்கும் என்று காட்டினார். வீட்டில் உள்ள பேனா, அளவுகோல், பலூன், டிபன் பாக்ஸ் மூடி என எல்லாவற்றையும் தேய்த்து ஒரு சுற்று பார்த்துவிட இது எளிய வழி. வகையைச் சொல்லும் திறன் இதற்கு இல்லை என்பதால் இதில் அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை.

நிலைமின்காட்டி செய்தல்

மின்னூட்டம் இருப்பதை இரண்டு இலைகளின் விரிவால் காட்டுவது நிலைமின்காட்டி. இனி வரும் சோதனைகளுக்கு அச்சாணி இந்தக் கருவிதான். இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பாட்டிலைக் கழுவி முழுவதுமாக உலர்த்துங்கள். பிளாஸ்டிக் மூடியின் நடுவில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்குத் துளையிட்டு, 15 செ.மீ. செப்புக் கம்பியை அதன் நடுவே நிறுத்தி, உருக்கிய மெழுகைச் சுற்றிலும் ஊற்றி ஆறவிடுங்கள். கம்பி எங்கும் மூடியைத் தொடக் கூடாது. மெழுகு மிகச் சிறந்த காப்பான் என்பதால்தான் இந்தச் சிரமம். கம்பியின் கீழ்முனையைக் கொக்கி போல வளையுங்கள். அலுமினியத் தாளில் 4 செ.மீ. நீளம், 6 மி.மீ. அகலத்தில் இரண்டு இலைகள் வெட்டி, கரண்டியின் பின்புறத்தால் நீவிச் சுருக்கம் நீக்கி, மேல்முனையில் சற்றே பெரிய துளையிட்டு, கொக்கியில் அடுத்தடுத்து மாட்டுங்கள். இலைகள் தடையின்றி ஊசலாட வேண்டும். துளை இறுக்கமாக இருந்தால் அவை விரியா. கம்பியின் மேல்முனையை அலுமினியத் தாளால் சுற்றி, எலுமிச்சை அளவில் வழவழப்பான உருண்டையாக்குங்கள். கூர்மையான முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மின்னூட்டம் அதன் வழியே காற்றில் கசிந்துவிடும்.

தேய்த்த பைப்பைத் தொலைவிலிருந்து மெல்லக் கொண்டுவாருங்கள். உருண்டையைத் தொடுவதற்கு வெகு முன்பே இலைகள் விரியத் தொடங்கும். பைப்பை அகற்றினால் மூடிக்கொள்ளும். கருவிக்குள் எதுவும் புகவில்லை. பைப்பில் உள்ள எதிர் மின்னூட்டம் உலோகத்தில் தளர்வாக உலவும் எலக்ட்ரான்களைக் கீழே தள்ளியதால் இரண்டு இலைகளிலும் எலக்ட்ரான்கள் மிகுந்து, அவை ஒன்றையொன்று விலக்கின. நிரந்தரமாக மின்னூட்ட வேண்டுமானால் பைப்பை உருண்டையின் மேல் உருட்டித் தேய்க்க வேண்டும். பிவிசி காப்பான் என்பதால் தொட்ட இடத்தில் உள்ள மின்னூட்டம் மட்டுமே இறங்கும். வெறுமனே ஒரு புள்ளியில் தொட்டுவிட்டுப் பயனில்லை என்று கைவிடுபவர்கள் பலர்.

அடுத்த முறை இதைவிடச் சுவையானது. உருண்டையை ஒரு முறை விரலால் தொட்டு இலைகளை மூடச் செய்யுங்கள். பைப்பை உருண்டைக்கு ஐந்தாறு செ.மீ. அருகே பிடியுங்கள், இலைகள் விரியும். பைப்பை அசைக்காமல் மறு கை விரலால் உருண்டையைத் தொடுங்கள், இலைகள் மூடிக்கொள்ளும். முதலில் விரலை எடுங்கள், பிறகு பைப்பை அகற்றுங்கள். இலைகள் மீண்டும் விரிந்து, இம்முறை விரிந்தபடியே நிற்கும். வரிசையை மாற்றிப் பைப்பை முதலில் அகற்றினால் ஒன்றும் மிஞ்சாது. விரல் தொட்டபோது, பைப்பால் விரட்டப்பட்ட எலக்ட்ரான்களில் ஒரு பகுதி உடல் வழியே தரைக்கு ஓடிவிட்டது. விரலை எடுத்ததும் திரும்பி வர வழியில்லை. பைப்பிலிருந்து எதுவும் குறையவில்லை, ஆனால் கருவி நேர் மின்னூட்டம் பெற்றுவிட்டது. இதற்குத் தூண்டல் என்று பெயர். சரிபார்க்க வேண்டுமா? அதே பைப்பை மெல்ல அருகே கொண்டுவாருங்கள். உருட்டித் தேய்த்து மின்னூட்டிய கருவியில் இலைகள் மேலும் விரியும்; தூண்டலால் மின்னூட்டியதிலோ முதலில் சுருங்கும். மிக அருகில் கொண்டுபோனால் சுருங்கி மூடி மறுபடியும் விரியும் என்பதால், தொலைவிலிருந்து வரும்போது முதலில் எந்தப் பக்கம் நகர்கின்றன என்பதையே கணக்கில் கொள்ள வேண்டும்.

இந்தக் கருவியில் இறங்கும் மின்னூட்டம் மிகச் சிறியது. ஆனாலும் ஒரு எலக்ட்ரானின் மின்னூட்டம் 1.602 × 10⁻¹⁹ கூலூம் (மின்னூட்டத்தின் அலகு) என்பதால், 1 நானோகூலூம், அதாவது கூலூமில் நூறு கோடியில் ஒரு பங்கு என்ற சிற்றளவில்கூடச் சுமார் 624 கோடி எலக்ட்ரான்கள் அடங்கும்.

எது கடத்தி, எது காப்பான்

மின்னூட்டிய நிலைமின்காட்டியின் உருண்டையைக் கையில் பிடித்த பலவகைப் பொருள்களால் தொட்டுப் பாருங்கள். பிளாஸ்டிக் அளவுகோல், மெழுகு, தெர்மாகோல், நைலான் நரம்பு ஆகியவற்றுக்கு இலைகள் அசையா. ஆணியும் கரண்டியும் உடனே மூடிவிடும். எதிர்பாராதவை விளக்குமாற்றுக் குச்சி, காகிதம், பருத்தி நூல் போன்றவை: பாடநூலில் காப்பான் என்று படித்த இவையும் இலைகளை நொடியில் மூடச் செய்யும். இதில் முரண்பாடு ஏதும் இல்லை. இக்கருவியின் மின்தேக்குத் திறன், அதாவது மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் திறன், சுமார் 10 பிக்கோபாரட் என்ற மிகச் சிறிய அளவு என்று கொண்டால், 100 கோடி ஓம் மின்தடையுள்ள குச்சியும் நொடியில் நூறில் ஒரு பங்கு நேரத்தில் அதைக் காலி செய்துவிடும். வீட்டில் உள்ள மல்ட்டிமீட்டர் அதே குச்சியை முழுக் காப்பான் என்றே காட்டும். டார்ச் விளக்குக்குக் காப்பானாக இருப்பது நிலைமின்னியலுக்குக் கடத்தியாக இருப்பது இப்படித்தான். அதே நூலை ஹேர் டிரையரில் நன்றாக உலர்த்தியும், மூச்சுக்காற்று பட ஈரமாக்கியும் தொட்டுப் பார்த்து, இலைகள் மூடும் வேகத்தை ஒப்பிடுங்கள்.

கடத்தி, காப்பான் என்ற பிரிவே இத்தகைய ஒரு சோதனையில் பிறந்தது. இங்கிலாந்தில் 1729இல் ஸ்டீபன் கிரேயும் கிரான்வில் வீலரும் நீண்ட சணல் கயிறு வழியே மின்னூட்டத்தை அனுப்பிப் பார்த்தார்கள். கயிற்றைத் தாங்கியிருந்த பட்டு நூல் பாரம் தாங்காமல் அறுந்ததும், அதே அளவு மெல்லிய பித்தளைக் கம்பியை மாட்டினார்கள். மின்னூட்டம் மறுமுனைக்குப் போகவே இல்லை. தாங்கியின் மெலிவு முக்கியமன்று, அது பட்டா உலோகமா என்பதே முக்கியம் என்று அப்போதுதான் புரிந்தது.

தேய்த்தால் மின்னூட்டம் பிறக்கிறதா

பால்பவுடர் டின் ஒன்றைத் தெர்மாகோல் கட்டை மேல் வைத்து, மெல்லிய கம்பியால் நிலைமின்காட்டியின் உருண்டையோடு இணையுங்கள். பைப்பின் ஒரு முனையில் கம்பளித் துண்டைத் தொப்பி போலச் சுற்றி, அதில் நைலான் நரம்பு ஒன்றைக் கட்டித் தொங்கவிடுங்கள். பைப்பை முன்னதாக ஈரத்துணியால் துடைத்து உலர்த்தி, மின்னூட்டம் ஏதும் இல்லாதபடி செய்துகொள்ள வேண்டும். நரம்பை இறுக்கிப் பிடித்தபடி தொப்பிக்குள் பைப்பைப் பத்துப் பதினைந்து முறை திருகுங்கள். பிறகு தொப்பியோடு பைப்பை டின்னுக்குள், சுவரைத் தொடாமல், ஆழமாக இறக்குங்கள். இலைகள் அசையாமல் இருக்கும். நரம்பைப் பிடித்துக் கம்பளியை மட்டும் வெளியே எடுங்கள்; இலைகள் விரியும். மீண்டும் உள்ளே விடுங்கள், மூடும். பைப்பை எடுத்துக் கம்பளியை உள்ளே விட்டால் அதே அளவுக்கு விரியும். இரண்டு முறையும் விரியும்போது தேய்த்த இன்னொரு பிவிசியை அருகே காட்டி வகையைச் சோதித்தால் ஒன்றுக்கொன்று நேர்மாறாக இருக்கும்.

சேர்ந்து இருக்கும்போது சுழியம், பிரிக்கும்போது சம அளவில் நேரும் எதிரும் என்றால், தேய்ப்பது எதையும் உண்டாக்கவில்லை, பிரித்துவைக்கிறது. மைக்கேல் பாரடே 1843இல் பனிக்கட்டி வாளி ஒன்றைக் காப்பான் மேல் வைத்து, உள்ளே தொங்கவிட்ட மின்னூட்டத்துக்குச் சமமான மின்னூட்டம் வாளியின் வெளிப்புறத்தில் தோன்றுவதைக் காட்டினார். நம் டின் செய்வதும் அதே வேலைதான்: உள்ளே இருப்பவற்றின் மொத்தத் தொகையை வெளியே கணக்குக் காட்டுகிறது. இவ்வழிமுறையில் ஒரே ஒரு சோதனைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள் என்பேன்.

எடுக்க எடுக்கக் குறையாத தட்டு

இத்தாலிய அறிவியலர் வோல்ட்டா 1775இல் பரப்பிய எலக்ட்ரோஃபோரஸ் என்ற கருவிக்கு, விளிம்பு வளைந்த எவர்சில்வர் தட்டு ஒன்றும் 15 செ.மீ. பிவிசித் துண்டும் போதும். தட்டின் நடுவே அந்தத் துண்டை எம்சீல் வைத்துக் கைப்பிடியாக நிறுத்துங்கள். தெர்மாகோல் பலகையைக் கம்பளியால் அரை நிமிடம் அழுத்தித் தேய்த்து, கைப்பிடியைப் பிடித்துத் தட்டை அதன் மேல் வையுங்கள். தட்டை விரலால் ஒரு முறை தொடுங்கள். ஊசி குத்தியது போல ஒரு சுரீர். விரலை எடுத்து, கைப்பிடியால் தட்டை உயர்த்தி, மறு கை விரல்முட்டியைத் தட்டின் விளிம்பருகே கொண்டுபோங்கள். இருட்டறையில் நீலப் பொறி பாய்வது தெரியும், சொடுக்கும் ஒலியும் கேட்கும். காற்றில் 1 செ.மீ. தூரத்துக்குப் பொறி தாவச் சுமார் 30,000 வோல்ட் தேவை, 3 மி.மீ. பொறி என்றால் ஏறத்தாழ 9,000 வோல்ட்.

தட்டை மறுபடியும் பலகையில் வைத்துத் தொட்டு உயர்த்தினால் மறுபடியும் பொறி. தெர்மாகோலை மீண்டும் தேய்க்காமலேயே பல முறை இப்படி எடுக்கலாம். பலகையின் மின்னூட்டம் தட்டுக்கு இறங்கியிருந்தால் முதல் பொறியிலேயே தீர்ந்திருக்கும். உண்மையில் தட்டும் பலகையும் சில மேடுகளில் மட்டுமே தொடுகின்றன. தெர்மாகோலில் மின்னூட்டம் நகராது. நடப்பது முன்பு கண்ட தூண்டல்தான்: பலகையின் எதிர் மின்னூட்டம் தட்டின் எலக்ட்ரான்களை விரல் வழியே விரட்டுகிறது, தட்டு நேர் மின்னூட்டத்தோடு எழும்புகிறது. விரலால் தொடாமல் உயர்த்திப் பார்த்தால் பொறி வராது. நிலைமின்காட்டியும் அதையே சொல்லும். ஒவ்வொரு பொறிக்கும் வேண்டிய ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்றால், ஒன்றையொன்று ஈர்க்கும் தட்டையும் பலகையையும் பிரித்து உயர்த்தும் கைதான் அதைக் கொடுக்கிறது. எடைக்கு மேல் அந்தக் கூடுதல் இழுப்பு மிகச் சிறியது என்பதால் நமக்கு உறைப்பதில்லை.

மின்பொருள் கடையில் இண்டிகேட்டருக்குப் போடும் சிறு நியான் பல்பு ஒன்றை வாங்கினால் இதே கருவி இன்னும் பேசும். பல்பின் ஒரு கம்பியைக் கையில் பிடித்து, மறு கம்பியால் தட்டைத் தொடுங்கள். நியானில் எதிர்மின்வாயைச் சுற்றியே ஒளி தோன்றும். தட்டு பலகை மேல் இருக்கும்போது தொட்டால், எலக்ட்ரான்கள் தட்டிலிருந்து கைக்கு வருவதால் தட்டுப் பக்கத்து மின்வாய் ஒளிரும். உயர்த்திய பின் தொட்டால், எலக்ட்ரான்கள் கையிலிருந்து தட்டுக்குப் போவதால் கைப்பக்கத்து மின்வாய் ஒளிரும். எலக்ட்ரான் போகும் திசையை இவ்வளவு மலிவாகக் கண்ணால் காட்டும் வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

வளையும் நீரும் ஒரு பாதி விளக்கமும்

குழாயில் நூல் போல ஒழுகும் நீரின் அருகே தேய்த்த பைப்பைக் கொண்டுபோனால் நீர்க்கம்பி வளையும். நீர் மூலக்கூறுக்கு நேர்முனையும் எதிர்முனையும் இருப்பதால் வளைகிறது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். அதை மட்டும் சொல்லி நிறுத்துவது போதாது. குழாயோடு தொடர்புடைய நீர் கடத்தியும்கூட. எதிர் மின்னூட்டமுள்ள பைப் அருகில் இருக்கையில் நீர்க்கம்பியில் நேர் மின்னூட்டம் தூண்டப்படுகிறது. சோதித்துப் பாருங்கள்: நீர்க்கம்பி சொட்டுகளாக உடையும் இடம் பைப்புக்கு நேராக வரும்படி குழாயைக் குறைத்து, அச்சொட்டுகளை முன்பு பயன்படுத்திய டின்னில் பிடியுங்கள். பைப் நனையக் கூடாது, டின்னின் வெளிப்புறத்திலும் தெர்மாகோலிலும் நீர் தெறிக்கக் கூடாது. சிறிது சிறிதாக இலைகள் விரியும், அதுவும் நேர் மின்னூட்டத்தால். பைப் இல்லாமல் சொட்டினால் விரியா. கெல்வின் பிரபு என்று பின்னாளில் அறியப்பட்ட வில்லியம் தாம்சன் 1867இல் இரண்டு சொட்டு நீர் ஓடைகளை ஒன்றையொன்று தூண்டும்படி இணைத்து, தேய்ப்பே இல்லாமல் உயர் மின்னழுத்தம் உண்டாக்கியது இந்த நிகழ்வைக் கொண்டே.

சிறிய லெய்டன் ஜாடி

கடைசியாக, பொறிகளைச் சேமித்துவைக்க லெய்டன் ஜாடி என்ற பழைய வகை மின்தேக்கி. நூறு மில்லிலிட்டர் பிளாஸ்டிக் டப்பா ஒன்றின் உள்ளும் வெளியும் மூன்றில் இரு பங்கு உயரத்துக்கு அலுமினியத் தாள் ஒட்டி, மூடியில் செருகிய ஆணியிலிருந்து ஒரு கம்பி உள் தாளைத் தொடும்படி அமையுங்கள். இரண்டு தாள்களும் விளிம்பில் நெருங்கக் கூடாது. வெளித்தாளைக் கையால் பிடித்துக்கொண்டு, எலக்ட்ரோஃபோரஸ் தட்டின் பொறியை ஆணித் தலையில் எட்டுப் பத்து முறை இறக்குங்கள். பிறகு உறை போட்ட கம்பி ஒன்றின் ஒரு முனையை வெளித்தாளில் பொருத்தி, மறு முனையை ஆணியருகே கொண்டுவந்தால், தனித்தட்டின் பொறியைவிடத் தடித்த, வெண்மையான பொறி வரும்.

இந்த அளவு டப்பாவின் தேக்குத் திறன் சுமார் 200 பிக்கோபாரட். 10,000 வோல்ட் வரை ஏறினாலும் ஆற்றல் 10 மில்லிஜூல்தான். விரலால் தொட்டால் நன்றாக வலிக்கும், தீங்கு இராது. பல லிட்டர் பாட்டில்களில் இதைச் செய்ய ஆசைப்படாதீர்கள். தேக்குத் திறனும் தாங்கும் மின்னழுத்தமும் சேர்ந்து உயரும்போது ஆற்றல் நூறு மடங்குக்குக் கிட்டே போய் அபாயமாகும். 1746இல் பிரெஞ்சு அரசர் பதினைந்தாம் லூயி முன்னிலையில் நொல்லே பாதிரியார் கைகோத்து நின்ற 180 காவலர்கள் வழியே ஒரு லெய்டன் ஜாடியை மின்னிறக்கம் செய்து, அத்தனை பேரையும் ஒரே நேரத்தில் துள்ள வைத்த கதை பிரபலம். அதைப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி வீட்டில் திரும்ப நடத்த வேண்டியதில்லை.

டப்பாவை எடுத்துவைக்கும் முன் உறை போட்ட கம்பியால் ஆணியையும் வெளித்தாளையும் இணைத்து மின்னிறக்கம் செய்யுங்கள். ஓரிரு நிமிடம் கழித்து மறுபடியும் இணைத்தால் இன்னொரு சிறு பொறி வரக்கூடும். பிளாஸ்டிக்கினுள் தங்கியிருந்த முனைவாக்கம் (மூலக்கூறுகளின் நேர், எதிர் மின்னூட்டங்கள் சற்றே விலகி நிற்கும் நிலை) மெல்லத் தளர்ந்து மின்னழுத்தத்தைச் சற்றே மீட்டுக் கொடுப்பதே அதற்குக் காரணம். எனவே அந்த இணைப்புக் கம்பியைக் கழற்றாமல் டப்பாவோடு சேர்த்தே வைத்துவிடுங்கள்.